முந்நூற்றுப் பதினொரு பெட்டகங்களும் நம்பத்தகாத ஒருவனும்

மேரிலாந்தில், தலைநகரிலிருந்து நாற்பது நிமிஷக் கார் ஓட்டத்தில், ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் இருக்கிறது. வாசலில் 'கூட்டு மதிப்பீட்டு மையம்' என்று பலகை. உள்ளே எதை மதிப்பிடுகிறார்கள் என்பது அங்கே வேலை பார்க்கும் ஆயிரத்து நூறு பேரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதி தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பதவி உயர்வு வாங்கிக்கொண்டிருந்தது.

ஓர்வில் டகெட் அப்படி முகத்தை வைத்துக்கொண்டதில்லை. அவன் பூட்டுக்காரன். மையத்தில் முந்நூற்றுப் பதினொரு இரும்புப் பெட்டகங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நாலு இழுப்பறையோடு, முகப்பில் ஒரு சுழல் பூட்டோடு, ஒரு ஆள் தள்ளினாலும் அசையாத கனம். விடுமுறைக்குப் போய்வந்த அதிகாரி எண்ணை மறந்துவிட்டால் ஓர்விலைக் கூப்பிடுவார்கள். பூட்டு சிக்கிக்கொண்டால் ஓர்வில். யாராவது வேலையை விட்டுப் போனால், எண்ணை மாற்றவும் ஓர்வில். இருபத்தாறு வருஷமாகத் திறந்து கொடுத்தான், எண்ணை மாற்றினான், பையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான்.

இதற்கு அவனிடம் ரகசிய அனுமதி இருந்தது. அரசாங்கம் உன்னை நம்புகிறது என்பதற்கான அத்தாட்சி அது. அது இல்லாவிட்டால் மையத்தில் காவலர் துணையில்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, தேவாலயத்தில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஓர்விலின் மனைவி லொரெட்டா கையில் முள்கரண்டியோடு அப்படியே சரிந்தாள். மாரடைப்பு. உள்ளூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஹெலிகாப்டரில் ஏற்றிப் பால்டிமோருக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது நிமிஷம். லொரெட்டா பிழைத்துக்கொண்டாள். மே மாதம் ஹெலிகாப்டர் கம்பெனியிடமிருந்து பில் வந்தது, நாற்பத்தெட்டாயிரத்து எழுநூறு டாலருக்கு.

இன்ஷூரன்ஸ்காரர்கள் மரியாதையாகக் கடிதம் எழுதினார்கள். ஆஸ்பத்திரி எங்கள் பட்டியலில் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஹெலிகாப்டர் மட்டும் இல்லை, நோயாளி ஏறுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்றார்கள்.

"நான் மூச்சுப்பேச்சில்லாம கிடந்தேன்னு பதில் எழுது ஓர்வில்," என்றாள் லொரெட்டா. "அம்பதாயிரம் டாலருக்கு ஒரு பயணம், அதுல ஒரு மேகத்தைக்கூட நான் பார்க்கல."

ஓர்வில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வருஷா வருஷம் மையத்தில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுப்பார்கள். பணக் கஷ்டம் வந்தால் நீங்களே முன்வந்து தெரிவிக்க வேண்டும், மறைப்பதுதான் குற்றம் என்பார்கள். ஓர்வில் அதை நம்பினான். அதற்கான படிவத்தைக் கேட்டுப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனான். அதுவரை யாரும் கேட்டதே இல்லை என்பதால், படிவத்தைத் தேடி எடுக்க அவர்களுக்கு அரை நாள் ஆயிற்று.

பாதுகாப்புப் பிரிவின் தலைவர் பிரென்ட் ஹாலோவே. கோட்டில் எப்போதும் தேசியக் கொடி வில்லை குத்தியிருப்பார். படிவத்தைப் படித்துவிட்டு எழுந்து வந்து ஓர்விலின் தோளில் கைவைத்தார்.

"ஓர்வில், முதல்ல உங்க நேர்மையைப் பாராட்டறேன்."

"நன்றி சார்."

"பாராட்டியாச்சு. இப்ப உங்க அடையாள அட்டையை இப்படிக் குடுங்க."

"எதுக்கு சார்?"

"கடன் இருக்கிற மனுஷன் பலவீனமான மனுஷன். நாளைக்கே ஒரு வெளிநாட்டு உளவாளி உங்க வீட்டுக் கதவைத் தட்டுவான். உன் கடனை நான் அடைக்கிறேன், பெட்டக எண்ணைக் குடுன்னு கேப்பான்."

"வந்தா நேரா உங்ககிட்டதான் வந்து சொல்லுவேன். இதைச் சொன்ன மாதிரி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"இதுவரைக்கும் எத்தனை பேர் சொல்லியிருக்காங்க சார்?"

ஹாலோவே கோப்பைப் புரட்டினார். "நீங்க ஒருத்தர்தான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க தொகைதான் எங்களுக்குக் கவலை. அஞ்சு லட்சம் டாலர்னா எந்த உளவாளியும் ஊருக்குப் போய் மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு வரணும். நாப்பத்தெட்டாயிரத்துக்கு அவன் கைச்செலவுப் பணத்துலயே முடிச்சுடுவான். நீங்க ரொம்ப மலிவா கிடைக்கிறீங்க ஓர்வில்."

விசாரணை முடியும்வரை வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது. தொண்ணூறு நாள் கழித்து இன்ஷூரன்ஸும் நின்றுவிடும். லொரெட்டாவின் இதயத்தில் இன்னொரு அடைப்பு பாக்கி இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் அதைச் சரிசெய்ய நாள் குறித்திருந்தார்கள். தொண்ணூறாவது நாள் அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தது. ஓர்வில் இதை எடுத்துச் சொன்னான். ஹாலோவே உருக்கமாகத் தலையாட்டினார்.

"என் ஆலோசனை என்னன்னா, சீக்கிரமா கடனை அடைச்சுடுங்க."

"சம்பளமில்லாம எப்படி சார்? வேற வேலைக்குப் போகலாமா?"

"அதுக்கு எங்க சம்மதம் வேணும்."

"குடுங்க."

"ரகசிய அனுமதி நடப்புல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அந்தச் சம்மதம் தர முடியும்."

"என் டிரக்கை வித்துடறேன்."

"அவசரப்படாதீங்க. திடீர்னு கையில பணம் வந்தா அதுக்குக் கணக்கில்லாத செல்வம்னு பேரு. அது தனி விசாரணை."

"தேவாலயத்துல வசூல் பண்ணித் தரேங்கிறாங்க."

"ரொம்ப நல்ல விஷயம். போடறவங்க ஒவ்வொருத்தரோட பிறந்த தேதியும், அவங்க போன வெளிநாட்டுப் பயண விவரமும் மட்டும் வாங்கி வெச்சிடுங்க."

அடுத்த வாரம் விசாரணை அதிகாரி மிஸ் ஸ்லோன் ஓர்விலின் தெருவுக்கு வந்தார். சின்னப் பெண். பெரிய குறிப்பேடு. பக்கத்து வீட்டு வாண்டா ப்ரூயிட் தோட்டத்தில் நின்று தக்காளிச் செடிக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் டகெட் வரவுக்கு மீறி வாழறாரா?"

"அவனா? இருபது வருஷத்துப் பழைய டிரக்கு. கதவைக் கயித்தால கட்டி வெச்சிருக்கான்."

மிஸ் ஸ்லோன், 'வசதியை வெளியே காட்டிக்கொள்வதில்லை' என்று எழுதிக்கொண்டார்.

"வெளிநாட்டுக்காரங்களோட பழக்கம் உண்டா?"

"லொரெட்டாவுக்கு வைத்தியம் பார்த்தது ஒரு நைஜீரியா டாக்டர். தங்கமான மனுஷன்."

'வெளிநாட்டவரிடம் மனைவி தன் இதயத்தையே ஒப்படைத்திருக்கிறார்' என்று எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன பயன்? அப்படி எழுதத்தான் அவரைப் பழக்கியிருந்தார்கள்.

அடுத்தபடியாக, நிதி ஒழுக்கப் பயிற்சி. கடன்காரர்கள் கட்டாயம் வர வேண்டிய எட்டு வார வகுப்பு. மையத்தின் கீழ்த்தளத்தில், நாற்பது நாற்காலி போட்ட அறையில், ஓர்வில் ஒருவனே உட்கார்ந்திருந்தான். வாசலிலிருந்து காவலர் துணையோடு அழைத்து வந்தார்கள். பயிற்சியாளர் ஒலிபெருக்கியில் பேசினார்.

"தினமும் கடையில காபி வாங்கறீங்க. நாலு டாலர். அதை நிறுத்துங்க. உங்க கடன் முப்பத்துமூணு வருஷம் நாலு மாசத்துல அடைஞ்சுடும்."

"நான் கடையில வாங்கறதில்லை சார். வீட்டுலேர்ந்து குடுவையில கொண்டு வரேன்."

பயிற்சியாளர் கையேட்டைப் பார்த்தார். அதில் இப்படி ஒரு ஆளைப் பற்றி ஒன்றும் இல்லை. "அப்ப முதல்ல கடையில வாங்க ஆரம்பிங்க," என்றார் கடைசியில். "எதையாச்சும் நிறுத்தினாத்தான் நான் சான்றிதழ் தர முடியும்."

ஓர்வில் பொறுமையான ஆள். சிக்கின பூட்டோடு ஆறு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, அதைத் திட்டாமல் வீட்டுக்கு வருகிறவன். அந்தப் பயிற்சி நாளன்றுதான் அவன் பொறுமை போயிற்று. மாலையில் சமையலறைக்குள் நுழைந்தவன், லொரெட்டா வெட்டுப்பலகையில் இதய மாத்திரைகளைப் பரப்பிவைத்துக் கத்தியால் இரண்டிரண்டாக வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தான்.

"என்ன பண்ற?"

"ஒரு மாசத்தை ரெண்டு மாசமா ஆக்கறேன்."

"லொரெட்டா, அது முழுசா சாப்பிடணும்."

"முழு இதயம் இருக்கிறவங்களுக்கு முழு மாத்திரை. எனக்கு இது போதும்." சிரித்தாள். ஓர்விலுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வருஷம் அவர்களுக்காகக் குனிந்து குனிந்து வளைந்துபோன முதுகு வலித்தது. நாற்காலியில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படி என்னதான் வெச்சிருக்காங்க அந்தப் பெட்டகத்துக்குள்ள?" என்றாள் லொரெட்டா. "நீ விலைபோயிடுவியோன்னு இந்தப் பாடு படறாங்களே."

"சொல்லக் கூடாது."

"நாட்டு ரகசியத்தைச் சொல்லாதே. அது எனக்கெதுக்கு? நாட்டு ரகசியமில்லாத எதுவும் அங்க இல்லையா?"

ஓர்வில், ரகசிய அனுமதிக்காகச் சத்தியம் செய்தபோது படித்த வாசகத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். நாட்டின் ரகசியங்களைப் பற்றித்தான் அதில் இருந்தது. மற்றதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"கடன் கடுதாசி இருக்கு," என்றான்.

"யாரோடது?"

"எல்லாரோடதும். வீட்டுல வெச்சா பெண்டாட்டி பார்த்துடுவா, புருஷன் பார்த்துடுவான். கார்ல வெச்சா பிள்ளைங்க நோண்டுவாங்க. வீட்டு ஆளுங்க கையே படாத ஒரே இடம் அதுதானே? வாசல்ல துப்பாக்கியோட காவல் வேற. கடன் அட்டை பில்லு, சூதாட்ட விடுதிச் சீட்டு, வீட்டை ஏலம் விடப்போறோம்னு பேங்க் அனுப்பின கடுதாசி. எல்லாம் அடி இழுப்பறையில. மேல மிக ரகசியம்னு ஒரு சிவப்பு அட்டை."

லொரெட்டா கத்தியைக் கீழே வைத்தாள். "இதை இருபத்தாறு வருஷமா எங்கிட்டகூடச் சொல்லல."

"அவங்க சொந்தக் கஷ்டம். நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

"நம்ம கஷ்டத்தை அவங்க அப்படி விட்டாங்களா?"

ஓர்வில் எழுந்து போய்க் கருவிப் பையைத் திறந்து, அடியில் கிடந்த பூட்டு விதிப் புத்தகத்தை எடுத்துவந்தான். மையத்தில் அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவன்தான். அன்றைக்கு இன்னொரு முறை படித்தான். படித்து முடித்தபோது முகம் தெளிந்திருந்தது.

அறுபத்தோராம் நாள் விசாரணைக் குழு கூடியது. ஓய்வுபெற்ற கர்னல் தார்ன்டன் விப்பிள் தலைவர். அவருக்கு வலப்பக்கம் ஹாலோவே, இடப்பக்கம் பணியாளர் பிரிவு அதிகாரி திருமதி க்ரீலி. கர்னல் பேசுவதற்கு முன் தண்ணீர் குடித்தார்.

"டகெட், இது தண்டனை இல்லை. இந்த அரசாங்கம் யாரையும் தண்டிக்கிறதில்லை. நம்பறதை நிறுத்திக்கும், அவ்வளவுதான். உங்க மனைவி உயிர் பிழைச்சதுல எங்க எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அதுக்கு ஆன செலவை முன்கூட்டியே யோசிச்சிருக்கணும். ஒழுக்கமான மனுஷன் தன் வருமானத்துக்குள்ள வியாதிப்படுவான். நான் முப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். முகத்தைப் பார்த்தே கடன்காரனைக் கண்டுபிடிச்சுடுவேன்." இருபுறமும் திரும்பிப் பெருமையாகப் பார்த்தார். இருபுறமும் இருந்தவர்கள் மேஜையைப் பார்த்தார்கள்.

"ஒரு சந்தேகம் சார்," என்றான் ஓர்வில். "நான் நம்பத்தகாதவன்னு தீர்ப்புல எழுதுவீங்களா?"

"எழுத வேண்டியதே இல்லை," என்றார் திருமதி க்ரீலி. "படிவத்துலயே அச்சடிச்சிருக்கு."

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஓர்விலிடம் ஒரு நகலைக் கொடுத்தார்கள். அதை வாங்கத்தான் அவன் வந்திருந்தான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விதிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தான்.

"பதினாலாம் விதி," என்று நிதானமாகப் படித்தான். "பெட்டக எண்களை அறிந்த ஒருவர் நம்பத்தகாதவர் என்று முடிவானால், அவர் கைபட்ட ஒவ்வொரு பெட்டகத்தையும் பத்து நாளுக்குள் வெளி அலுவலகத்தாரைக் கொண்டு திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளையும் படித்து எண்ண வேண்டும். எண்ணி முடியும்வரை எந்தத் தாளும் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது, அழிக்கவும் கூடாது."

திருமதி க்ரீலியின் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. ஹாலோவே கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார்.

"அது... அது வேற மாதிரி ஆட்களுக்குப் போட்ட விதி ஓர்வில்."

"எந்த மாதிரி சார்?"

"நம்பவே முடியாத ஆட்களுக்கு."

ஓர்வில் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

"நாங்க உங்களை நம்பலைன்னு யாரு சொன்னா? அந்தத் தாளை இப்படிக் குடுங்க. ஏதோ வார்த்தை அதிகமாயிடுச்சு, பேசித் தீர்த்துக்கலாம்."

அப்போது மேஜையில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது. தட்டியவர் கர்னல். "ஹாலோவே! என்ன பேச்சு இது? விதின்னா விதி! எண்ணட்டும்! ஒவ்வொரு தாளா எண்ணட்டும்! மறைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?" அங்கேயே தொலைபேசியை எடுத்துத் தலைநகருக்குப் பேசினார். தன் காலத்தில் இவ்வளவு துப்புரவாக ஒரு விசாரணை நடந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஓர்விலின் கையைக் குலுக்கியும் அனுப்பினார்.

திங்கட்கிழமை வெளி அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். சிரிக்கத் தெரியாத ஆட்கள். பெட்டகங்களைத் திறக்க வேறெங்கிருந்தோ இரண்டு பூட்டுக்காரர்களைக் கூட்டி வந்திருந்தார்கள்.

அந்த வாரம் மையத்தில் காய்ச்சல் பரவியது. ஆனால் காய்ச்சல் வந்தவர்கள் யாரும் விடுப்பு எடுக்கவில்லை. எல்லோரும் காலை ஏழு மணிக்கே வந்து தங்கள் பெட்டகத்தின் மேல் சாய்ந்துகொண்டு நின்றார்கள். டோனட் வாங்கி வந்த காலிப் பெட்டியை வாசலில் மூன்று பேர் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனதைப் பார்த்துக் காவலர் திறக்கச் சொன்னார். இரண்டாம் மாடியில் ஒரு துணை இயக்குநர் கடன் வசூல் கம்பெனியின் கடிதத்தைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டார். மூன்று பக்கக் கடிதம். இரண்டாம் பக்கம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மேல்சிகிச்சைக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள்.

வந்தவர்கள் படித்த தாள்களை இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள். ஒன்று நாட்டின் ரகசியங்கள். மற்றது வீட்டின் ரகசியங்கள். புதன்கிழமைக்குள் இரண்டாவது அடுக்கு முதலாவதை விட உயர்ந்துவிட்டது. வருஷா வருஷம் மையத்தின் ரகசியங்கள் ஒன்பது சதவீதம் பெருகுகின்றன என்று அறிக்கை எழுதி, அதற்காக ஹாலோவே மூன்று முறை விருது வாங்கியிருந்தார். பெருகியது என்னவென்று இப்போது தெரிந்தது.

முந்நூற்றுப் பதினொன்றில் இருநூற்று நாலு பெட்டகங்களில் கடன் கடிதங்கள் அகப்பட்டன. திருமதி க்ரீலியின் பெட்டகத்தில் கணவருக்குத் தெரியாத பதினொரு கடன் அட்டைகள். கர்னல் விப்பிளின் பெட்டகத்தில் ஒன்பது வருஷத்து வரித் துறைக் கடிதங்கள், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல். திறக்காத கடிதம் கடனாகாது என்று அவர் மனப்பூர்வமாக நம்பியிருந்தார். ஹாலோவேயின் பெட்டகத்தில் மட்டும் இரண்டு இழுப்பறை முழுக்க. செசபீக் விரிகுடாவில் நிற்கும் படகுக்கு வாங்கிய கடன், படகை ரிப்பேர் செய்ய வாங்கிய கடன், இரண்டையும் அடைத்துவிடலாம் என்று சூதாட்ட விடுதியில் வாங்கிய கடன். ஆக இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டாலர்.

இருநூற்று நாலு பேரையும் இடைநீக்கம் செய்யும் ஆணைகளில் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். ஹாலோவே அகரவரிசைப்படி போட்டுக்கொண்டே வந்தார். தன் பெயர் வந்ததும் பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றார். வந்தவர்களில் ஒருவர் தன் பேனாவை நீட்டினார்.

அகரவரிசையில் அவருக்குப் பின்னால் மிச்சமிருந்த எண்பத்து மூன்று பேரின் ஆணைகளில் ஒரு சாதாரண எழுத்தர் கையெழுத்துப் போட்டு முடித்துவைத்தார். நிதி ஒழுக்கப் பயிற்சி வகுப்பில் நாற்பது நாற்காலி போதவில்லை. பயிற்சியாளரால் வர முடியவில்லை. அவரும் மையத்தில் ஒரு பெட்டகம் வைத்திருந்தார்.

தலைநகரிலிருந்து புதிய குழு வந்து எல்லாக் கோப்புகளையும் படித்தது. ரகசிய அனுமதி பற்றிய விதியில் ஒரு வரி இருந்தது. தன் தவறில்லாமல் கடன்பட்டு, அதைத் தானே முன்வந்து தெரிவித்தவருக்கு அனுமதியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று. ஹாலோவே அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தார். இருநூற்று ஐந்து கோப்புகளில் அந்த வரிக்குள் வந்தது ஒன்றுதான். எண்பத்து நாலாம் நாள் ஓர்விலுக்குக் கடிதம் வந்தது. நிறுத்திவைத்திருந்த சம்பளமும் சேர்த்து வந்தது. இன்ஷூரன்ஸ் நிற்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் லொரெட்டாவுக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஹெலிகாப்டர் கடன் மட்டும் அப்படியே இருந்தது, மாதம் நூற்றைம்பது டாலராக அடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஹாலோவே வீட்டுக்கு வந்தார். கையில் கடையில் வாங்கிய 'ஆப்பிள் பை' பலகாரம். கோட்டில் கொடி வில்லை இருந்தது, கோட்டுதான் கசங்கியிருந்தது.

"மிஸ்டர் டகெட்," என்றார் வாசலிலேயே. இத்தனை வருஷத்தில் முதல் முறை. "என் கோப்பை மறுபடி எடுக்கறாங்க. என்னைப் பத்து வருஷத்துக்கு மேல தெரிஞ்சவரா, அனுமதி நடப்புல இருக்கிறவரா ஒருத்தர் எனக்காகப் பேசணும். தேடிப் பார்த்தேன். நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"உள்ள வாங்க சார்."

லொரெட்டா பலகாரத்தை வாங்கி மேஜையில் வைத்தாள். ஹாலோவே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "சம்பளம் நின்னுபோச்சு. டிசம்பர்ல வீடு ஏலத்துக்கு வருது. நீங்களே சொல்லுங்க, கடன் இருக்கிறதாலயே ஒரு மனுஷன் நாட்டை வித்துடுவானா? இது என்ன அநியாயம்?"

"அநியாயம்தான்," என்றாள் லொரெட்டா. "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது மிஸ்டர் ஹாலோவே?"

அவர் கண்கள் கலங்கின. நிஜமாகவே கலங்கின. ஓர்வில் அதைப் பார்த்தான். வெட்டுப்பலகையின் முன் நின்ற லொரெட்டாவையும் நினைத்துப் பார்த்தான்.

"கவலைப்படாதீங்க சார்," என்றான். "அவங்க கேட்கிறதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன். ஒண்ணையும் விட மாட்டேன்."

ஹாலோவே அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை மிஸ் ஸ்லோன் வந்தார். அதே சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பத்துக் கேள்விகள் அச்சடித்த ஒரு தாளை எடுத்தார். எத்தனை வருஷப் பழக்கம், குடிப்பாரா, கோபக்காரரா என்று வரிசையாகக் கேட்டார். ஓர்வில் சுருக்கமாகவும் மரியாதையாகவும் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். ஒன்பது கேள்விக்கும் அவன் சொன்னதில் ஹாலோவேக்குக் கெடுதலாக ஒரு வார்த்தை இல்லை. லொரெட்டாவே அடுப்படியிலிருந்து திரும்பி அவனை ஒருமாதிரி பார்த்தாள்.

"கடைசிக் கேள்வி," என்றார் மிஸ் ஸ்லோன், பேனாவை மூடிக்கொண்டே. இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. "நான் கேட்காம விட்டது ஏதாச்சும் இருக்கா? அவரைப் பத்தி நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது?"

ஓர்வில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"லொரெட்டா, இன்னொரு காபி போடு. இந்தப் பொண்ணுக்கு மதியச் சாப்பாடும் இங்கதான்." பிறகு மிஸ் ஸ்லோனிடம் திரும்பினான். "தாள் எத்தனை கொண்டாந்தீங்க?"

"இது ஒண்ணுதான்."

"டிரக்குல ஒரு கட்டு கிடக்கு, எடுத்துட்டு வரேன்," என்று எழுந்தான்.